கோரைக் கிழங்குச் சமவெளி

மெல்போர்னிலும் அடிலெய்டிலும் குளிர் கடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் ஆஸ்திரேலியாவின் வடமுனையில் வெயில் இதமாக இருக்கும். பள்ளி விடுமுறை விட்டதும் தெற்கத்திக் குடும்பங்கள் காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடும். அடுக்குப் படுக்கை, சின்ன அடுப்பு, கொசுவலை, குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் அந்தச் சக்கர வீட்டுக்குள் அடக்கம். அடிலெய்டிலிருந்து டார்வினுக்கு 3,000 கிலோமீட்டர். அங்கிருந்து ஆர்னெம் நெடுஞ்சாலையைப் பிடித்தால், சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் பரந்த காக்கடு தேசியப் பூங்கா.

டார்வினைத் தாண்டி 70 கிலோமீட்டர் போனதும் ஃபாக் அணை வரும். கரையின் இரு பக்கமும் தாமரையும் அல்லியும் மண்டிக் கிடக்கும். கொக்கு, நாரை, இலைக்கோழி என்று குழந்தைகள் விரல் நீட்டிக்கொண்டே இருப்பார்கள். பறவைகளுக்காகவே கட்டியது போலத் தோன்றும் அந்த அணை உண்மையில் நெல்லுக்காகக் கட்டப்பட்டது. 1955-இல் அமெரிக்க முதலீட்டோடு ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அருகில் இருக்கும் ஹம்ப்டி டூ என்ற ஊரை மையமாக வைத்து, லட்சக்கணக்கான ஏக்கரில் நெல் விளைவித்து ஆசியாவுக்கே அனுப்புவது திட்டம். மழை கொட்டுகிறது, நிலம் தட்டையாகக் கிடக்கிறது, மனித நடமாட்டம் இல்லை. வேறென்ன வேண்டும் என்று நினைத்தார்கள். 1960-களின் தொடக்கத்திலேயே எல்லாம் முடிந்துபோனது. வடிகால் சரியில்லை, மண்ணில் உப்பு, காட்டு எருமைகள் வரப்பை மிதித்தன. இவற்றையெல்லாம் விட அதிகமாகப் பழி சுமந்தது மேக்பை வாத்து என்ற கருப்பு வெள்ளைப் பறவை. கூட்டம் கூட்டமாக வந்து வயலில் இறங்கியது. துப்பாக்கியால் சுட்டும் அது போகவில்லை.

அது போகாததற்குக் காரணம் உண்டு. அந்தச் சமவெளியில் நெல் புதிதல்ல. ஒரைசா மெரிடியோனாலிஸ் என்ற காட்டு நெல் அங்கே மழைக்காலத்தில் தானாகவே முளைத்து, வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டி, கதிர் தள்ளும். மேக்பை வாத்து அந்தத் தாள்களை வளைத்து மிதக்கும் கூடு கட்டுகிறது. பல கூடுகளில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணுமாகச் சேர்ந்து முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும். குஞ்சுகள் காட்டு நெல்மணியைத் தின்றுதான் வளர்கின்றன. வயல் போட்டவர்கள் அந்தப் பறவையின் பூர்வீகச் சாப்பாட்டுத் தட்டில்தான் நாற்று நட்டார்கள்.

நீர் வற்றிய பிறகு அதே வாத்து வேறு ஒன்றைத் தேடும். சமவெளியின் சேற்றில் கோரை இனத்துச் செடி ஒன்று சுண்டைக்காய் அளவில் கிழங்கு வைக்கிறது. எலியோகாரிஸ் டல்சிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். சீன உணவகங்களில் வெள்ளையாக, மொறுமொறுப்பாகக் கிடைக்கும் கிழங்கும் இதே இனம்தான். அங்கே வருவது பயிரிட்டுப் பெரிதாக்கியது. இறுகிக் காய்ந்த களிமண்ணையும் கொக்கி மூக்கால் கொத்திப் பிளந்து வாத்து அதை எடுக்கும். செப்டம்பர், அக்டோபரில் காக்கடுவின் மமுகாலா சதுப்பில் பல்லாயிரம் வாத்துகள் ஒரே இடத்தில் கூடுவது இந்தக் கிழங்குக்காக. அவை கூடும் இடத்துக்கு மனிதர்களும் கூடையோடு போனார்கள்.

லூட்விக் லைக்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1844 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து புறப்பட்டு, கண்டத்தின் குறுக்கே ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் கடந்து, 1845 டிசம்பர் 17 அன்று வடகரையின் போர்ட் எசிங்டன் குடியிருப்பை அடைந்தார். பாதி வழியிலேயே உணவு தீர்ந்தது. துணைக்கு வந்த பறவையியலாளர் கில்பர்ட் ஈட்டி பாய்ந்து இறந்தார். இருந்த மாடுகளை ஒவ்வொன்றாக வெட்டி, இறைச்சியை உலர்த்தித் தின்றபடி மிச்சப் பேர் நடந்தார்கள். இன்றைய காக்கடுவின் சமவெளிக்கு வந்து சேர்ந்தபோது உள்ளூர் மக்கள் எதிர்கொண்டார்கள். அவர்களில் சிலருக்கு வெள்ளையர் குடியிருப்பில் கற்ற ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம் தெரிந்திருந்தன. அவர்கள் கொடுத்த உணவில் கோரைக் கிழங்கும் இருந்தது. அல்லமுர் என்று அதன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்ட லைக்ஹார்ட், வாத்துகளும் அதைத்தான் தின்கின்றன என்பதையும் சேர்த்து எழுதினார். மனித நடமாட்டமே இல்லாத நிலம் என்று பிற்காலத்தார் கணக்குப் போட்ட வடக்கத்திச் சமவெளிகளில் மக்கள் வாழ்ந்தார்கள், வந்தவருக்குச் சோறு போட்டார்கள் என்பதற்கு ஒரு பயணியின் நாட்குறிப்பே சாட்சி.

அவர்கள் எத்தனை காலமாக அங்கே இருந்தார்கள்? மட்ஜெட்பெபே என்ற பாறைக் குடைவை அகழ்ந்த தொல்லியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, மனிதர்கள் அங்கே அடுப்பு மூட்டியது சுமார் 65,000 ஆண்டுகளுக்கு முன். ஆஸ்திரேலியாவில் இதுவரை கிடைத்த மனிதத் தடங்களில் மிகப் பழையது அதுதான். அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் அலசி, மிதந்த கரித்துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அன்றைய சமையல் தெரிய வந்தது: கிழங்கு, பனை இனத் தண்டின் சோறு, பழக்கொட்டை, தாழைப் பருப்பு. தாழம்பூச் செடியின் உறவான அந்த மரத்தின் காயை உடைப்பது எளிதல்ல. மர ஓட்டைக் கல்லால் பிளந்து, நாருக்குள் ஒளிந்திருக்கும் ஒல்லியான பருப்பை நெம்பி எடுக்க வேண்டும். ஒரு கைப்பிடிக்கே நெடுநேரம் ஆகும். 2021-இல் ஆய்வாளர்கள் அதே தாழை ஓட்டுத் துண்டுகளின் வேதியியலைக் கொண்டு, ஒவ்வொரு காலத்திலும் அங்கே மழை எவ்வளவு பெய்தது என்று கணக்கிட்டார்கள். சாப்பிட்டுப் போட்ட ஓடு மழைப் பதிவேடாகிவிட்டது.

ஆனால் சதுப்பு நிலம் அவ்வளவு பழையதல்ல. பனியுகத்தில் கடல் வெகு வடக்கே இருந்தது. காக்கடு அன்று உள்நாட்டுப் புல்வெளி. கடல் உயர்ந்து சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்தது. அலையாத்திக் காடுகள் பெருகின. வண்டல் படிந்து படிந்து நிலம் மேடேறியதும், நன்னீர் தேங்கும் சமவெளியாக மாறியது பெரும்பாலும் கடந்த 2,000 ஆண்டுகளுக்குள்தான். இந்த மாற்றத்தை அங்குள்ளவர்கள் பாறையில் தீட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஓவியங்களில் கங்காருவும், பிற்பாடு ஆஸ்திரேலிய நிலப்பரப்பிலிருந்தே மறைந்துபோன தைலசீன் என்ற கோடுபோட்ட விலங்கும் உண்டு. கடல் வந்த காலத்தில் மீன்கள் வந்தன. நன்னீர் வந்த பிறகு வாத்தும், வாத்திறகு விசிறியும், வாத்து வேட்டைக்கான ஈட்டியும் பாறையில் ஏறின.

உபிர் குன்றில் கேரவன் குடும்பங்கள் மாலைக் கூட்டத்தோடு ஏறுவது நதாப் சமவெளியின் மேல் சூரியன் விழுவதைப் பார்க்க. ஏறும் வழியில் இருக்கும் பெரிய பாறைச் சுவரில் நின்று பார்க்க வேண்டியது வேறு. பாரமுண்டி மீன் முதுகெலும்பு, துடுப்பு, உள்ளுறுப்பு எல்லாம் தெரிய வரையப்பட்டிருக்கிறது. நம் கடற்கரையில் கொடுவா என்று விற்கும் அதே மீன். கெளுத்தி, நீள்கழுத்து ஆமை, உடும்பு எல்லாம் அந்தச் சுவரில் உண்டு. கால்சட்டைப் பையில் கைவிட்டு நிற்கும் வெள்ளையர் ஒருவரும் உண்டு. மீனை அறுப்பவருக்கு எந்தப் பாகம் எங்கே என்று தெரியும். அந்தக் கண்ணோடு வரையப்பட்ட ஓவியம் அது.

சுற்றுலாக் கையேடுகள் மழைக்காலம், வறண்ட காலம் என்று ஆண்டை இரண்டாக வெட்டும். அந்த மண்ணின் பினின்ஜ் மக்கள் ஆறாகப் பிரிக்கிறார்கள். டிசம்பரில் தொடங்கும் குஜெவ்க் பருவத்தில் மழை விடாது; அந்தக் காலத்தின் கடைசியில் வாத்து முட்டை கிடைக்கும். ஏப்ரலில் பாங்கெர்ரெங், ஆளுயரம் வளர்ந்த ஈட்டிப்புல்லைப் புயற்காற்று படுக்கவைக்கும் நேரம். பிறகு யெக்கே, மூடுபனியோடு. புல்லைக் கொளுத்தத் தொடங்குவது அப்போது. வுர்ர்கெங் குளிர் காலம், கேரவன்கள் நிறையும் காலமும் அதுவே. ஆகஸ்ட் பாதியில் குருங் பிறந்து மண் வெடிக்கும். குனுமெலெங்கில் இடி முழங்கத் தொடங்கும். பருவத்தைச் சொல்வது நாட்காட்டியல்ல, பூவும் பூச்சியும் காற்றும்தான்.

இதில் குருங் பருவம்தான் சாப்பாட்டுக்குச் சிறந்தது. தெற்கிலிருந்து வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை வெயில் தாளாமல் அதற்குள் திரும்பியிருக்கும். நீர் வற்றும்போது நீள்கழுத்து ஆமை சேற்றுக்குள் இறங்கி, அடுத்த மழை வரை அங்கேயே உறங்கும். பெண்கள் வெடிப்பு விட்ட களிமண்ணில் குனிந்தபடி மெதுவாக நடப்பார்கள். மூச்சு விடச் சின்னத் துளை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கையிலிருக்கும் கோலைக் குத்திக் குத்தி வருவார்கள். முன்பு மரக்கோல், இப்போது இரும்புக் கம்பி. மண்ணில் குத்தும் சத்தம் வேறு, ஓட்டில் படும் சத்தம் வேறு. அந்த மந்தமான ‘டொக்’ கேட்டதும் தோண்டுவார்கள். ஆமை அதன் ஓட்டோடே தணலில் வேகும்.

இந்த ஆமை தண்ணீருக்கு அடியில் முட்டையிடும். பெரும்பாலான ஆமைகளின் முட்டை நீரில் மூழ்கிக் கிடந்தால் கருவுக்கு மூச்சு முட்டிவிடும். இதன் முட்டையோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, வெள்ளம் வடிந்து சேறு காயும் வரை காத்திருக்கும். அறிவியல் இதழ்களில் இது 1990-களில்தான் வெளியானது. சேற்றைக் கிளறி உண்டு வாழ்ந்தவர்களுக்கு அது பழைய சங்கதி.

விஷமற்ற நீர்ப்பாம்பு ஒன்றையும் பெண்களே பிடிப்பார்கள். சொரசொரப்பான, தொளதொளத்த தோல் கொண்ட பாம்பு அது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நீர்த்தாவரங்களுக்கு அடியில் காலாலும் கையாலும் துழாவி, அகப்பட்டதைக் கரையில் எறிவார்கள். அல்லித் தண்டை உரித்துப் பச்சையாகத் தின்பார்கள், விதையை அரைத்து ரொட்டி சுடுவார்கள். காட்டு வள்ளிக்கிழங்கில் இரண்டு வகை. ஒன்றைச் சுட்டு அப்படியே சாப்பிடலாம். மற்றது கசக்கும், நாக்கைக் கடிக்கும். வேகவைத்துச் சீவி, ஓடும் நீரில் ஊறப்போட்டால்தான் வயிற்றுக்கு ஆகும். தோண்டும்போது கொடியோடு ஒட்டிய கிழங்கின் தலையை மண்ணிலேயே விட்டுவிடுவது வழக்கம். அடுத்த மழைக்கு அது தழைக்கும். விதைப்பு இல்லை, வேலி இல்லை என்பதால் விவசாயம் இல்லை என்று வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு தப்பு என்பதைக் கிழங்கின் தலை ஒன்றே காட்டிவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பந்தியில் தெரிந்த முகங்கள் பல. சளிக்கு நசுக்கி முகரும் புளிப்பான பச்சை எறும்பு, நம் மாந்தோப்பு முசுறு எறும்பின் அதே இனம். மரப்பொந்திலிருந்து எடுக்கும் தேன், நாம் கொசுத்தேன் என்று சொல்லும் கொடுக்கில்லாத தேனீயின் உறவு. வெளியுலகில் இன்று மிகப் புகழ்பெற்றிருக்கும் காக்கடு பிளம், கடுக்காய், தான்றிக்காய் பேரினத்தைச் சேர்ந்தது. 1982-இல் சிட்னி ஆய்வாளர்கள் அதை அளந்துவிட்டு, வைட்டமின் சி இவ்வளவு கொண்ட பழத்தை அதுவரை கண்டதில்லை என்று அறிவித்தார்கள். 100 கிராம் பழத்தில் 2,000 மில்லிகிராமுக்கும் மேல். ஆரஞ்சில் 50 இருந்தால் அதிகம். அதன் பிறகு அழகுசாதன நிறுவனங்களின் கண் அதன்மேல் விழுந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று ஆஸ்திரேலியாவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. எதிர்ப்பு எழுந்து, விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

அந்த நிலத்துக்கு வந்த வெளியார் எல்லோரும் அதிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் எடுக்க வந்தவர்கள். முதலில் எருமைத்தோல். 1820-களிலிருந்து ஆங்கிலேயர் வடகரையில் அமைத்த ராணுவக் குடியிருப்புகளுக்கு இறைச்சிக்காகத் தீமோர் பக்கத்திலிருந்து எருமைகள் வந்தன. 1849-இல் போர்ட் எசிங்டனைக் கைவிட்டார்கள். அவிழ்த்துவிடப்பட்ட எருமைகள் பெருகின. 1880-களிலிருந்து 1950-கள் வரை தோல் வியாபாரம் நடந்தது. குதிரையில் விரட்டிச் சுட்டவர்களிலும் பூர்வகுடி ஆண்கள் இருந்தார்கள். தோலை உரித்து, கழுவி, உப்புத் தேய்த்து உலர்த்தியது பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்கள். கூலியாகக் கிடைத்தது மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை. அல்லி விதை அரைத்த கைகளுக்குக் கோதுமை மாவுப் பை வந்து சேர்ந்தது இப்படித்தான். எருமை வேட்டையில் பேர் எடுத்த பேடி கேஹில் ஓயன்பெல்லியில் பண்ணை வைத்திருந்தார்; கிழக்கு அலிகேட்டர் ஆற்றின் தாழ்வான தரைப்பாலம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஓதம் ஏறும்போது மீன் வரும் திசையைப் பார்த்து முதலைகள் அங்கே வரிசையாக வாய் பிளந்து நிற்கும். குழந்தைகளின் கையை விடாமல் பெற்றோர் மேட்டிலிருந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஆற்றின் பெயர் முதலைகளால் வந்தது. அந்தப் பெயரிலும் ஒரு பிழை உண்டு: 1818-இல் தொடங்கிக் கடற்கரையை அளந்த பிலிப் பார்க்கர் கிங், முதலையை அமெரிக்க அலிகேட்டர் என்று நினைத்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் முதலைத்தோலுக்குத் துப்பாக்கிகள் வந்தன. கால் நூற்றாண்டில் முதலைகள் சில ஆயிரமாகச் சுருங்கின. 1971-இல் வடக்குப் பிரதேசம் வேட்டையைத் தடை செய்தது. இன்று அங்கே உவர்நீர் முதலைகள் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. கேரவனை நீர்க்கரையில் நிறுத்தக் கூடாது, மீன் கழிவைக் கரையில் போடக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகைகள் வெறும் சம்பிரதாயமல்ல.

மூன்றாவதாக யுரேனியம். பூங்காவின் தென்பகுதியில் ஜாவொயின் மக்கள் நோய் நிலம் என்று ஒதுங்கி நடந்த இடங்களிலேயே 1950-களில் யுரேனியம் வெட்டினார்கள். 1960-களின் கடைசியில் வடக்கே மிர்ரர் மக்களின் நிலத்தில் ரேஞ்சர் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1976-இல் வந்த நில உரிமைச் சட்டம் பூர்வகுடிகளுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் ரேஞ்சர் சுரங்கத்தைத் தடுக்கும் அதிகாரத்தை மட்டும் அவர்களுக்குத் தரவில்லை. 1979-இல் பூங்கா அறிவிக்கப்பட்டது. அரசு அந்த நிலத்தை அதன் சொந்தக்காரர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, அவர்களோடு சேர்ந்து நடத்துகிறது. 1981-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. வேட்டையாடவும் கிழங்கு தோண்டவும் பூர்வகுடிகளுக்கு உள்ள உரிமை பூங்காவுக்குள்ளும் செல்லும். கேரவனில் வருபவர் ஒரு பழத்தைக்கூடத் தாமாகப் பறிக்க முடியாது. உள்ளூரார் அழைத்துப்போய்க் கொடுத்தால் சுவைக்கலாம். மிக நியாயமான ஏற்பாடு.

பினின்ஜ் மூத்தவர் பில் நெய்ஜி குத்தகைக்கு இணங்கியவர்களில் ஒருவர். பூங்காவுக்குப் பெயர் தந்த ககுஜு மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர். 2002-இல் அவர் இறந்தார். பெயர்ப் பலகையில் அந்த மொழி இருக்கிறது, பேச்சில் இல்லை.

பெருகிக் கிடந்த காட்டு எருமைகளைப் பிற்பாடு பெரும்பாலும் ஒழித்தார்கள்; அதோடு சமவெளி தானாகத் தேறிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பாதி சரி. எருமை மேய்ந்து கட்டுப்படுத்திய புல் ஆள் உயரம் அடர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. பாகி ப்ளெயின் என்ற இடத்தில் நிலத்துக்குரிய குடும்பம் 2000-களின் தொடக்கத்தில் பழைய முறைப்படி நெருப்பு வைக்கத் தொடங்கியது. நீர் வற்ற வற்ற, ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஈரம் பார்த்துக் கொளுத்துவது அந்த முறை. அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உடனிருந்து பதிவு செய்தது. புல் விலகிய இடத்தில் கோரையும் அல்லியும் எழுந்தன, வாத்தும் ஆமையும் திரும்பின. உபிருக்குக் கீழே நதாப் சமவெளியில் இப்போது ஆப்பிரிக்கப் பாரா புல்லை அழிக்கும் வேலை நடக்கிறது. நிலம் நலமாக இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது என்று கேட்டபோது, அங்கிருந்த மூத்தவர்கள் வாத்தைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். டிரோன் படங்களைக் கொண்டு கணினி எண்ணுகிறது.

ரேஞ்சர் ஆலை 2021 ஜனவரியில் நின்றது. சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட ஜாபிரு ஊர், அதே ஆண்டில் மிர்ரர் மக்களின் கைக்கு வந்தது. கேரவன் குடும்பங்கள் டீசலும் ரொட்டியும் வாங்க நிற்பது அங்கேதான். சுரங்கக் குழியை மூடி நிலத்தைச் சீர்படுத்தும் வேலை இன்னும் பல ஆண்டுகள் நீளும். அது ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று சாப்பாட்டுச் சோதனை. சுரங்கத்துக்குக் கீழே மகேலா ஓடையில் உள்ள முஜின்பெரி நீர்நிலையிலிருந்து நன்னீர்ச் சிப்பிகளை எடுத்து, சதையில் ரேடியம் எவ்வளவு என்று அரசு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். மகேலா நீரில் கால்சியம் குறைவு. ஓட்டுக்குக் கால்சியம் தேடும் சிப்பி, அதையொத்த ரேடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு அந்தப் பாறை நிலத்திலிருந்தே இயற்கையாக வருவது. அதற்கு மேல் சுரங்கம் எதைச் சேர்க்கிறது என்பதே கேள்வி. மீன், ஆமை, வாத்து, வள்ளிக்கிழங்கு ஆகியவற்றையும் அளக்கிறார்கள். ஒரு மிர்ரர் குடும்பம் ஆண்டு முழுக்க எதை எவ்வளவு உண்ணும் என்று கணக்கிட்டு, உடலில் சேரும் கதிர்வீச்சை அதிலிருந்து மதிப்பிடுகிறார்கள்.